கை தானாக நீளுமா?

போன வாரம் குடவாசலில் ஒரு வட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி வட்டம். சுற்றிலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மனைவியை அடிப்பவர்கள்... இல்லை, அப்படிச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. 'கை நீண்டுவிட்டவர்கள்.'

கூட்டத்தை நடத்துபவர் ரேவதி. மனநல ஆலோசகர், எனக்குப் பழைய சிநேகிதி. "வாரா வாரம் ஊருக்கு உபதேசம் பண்றீங்களே, ஒருநாள் வாயை மூடிக்கிட்டு உக்காந்து பாருங்க" என்று கூப்பிட்டார். வட்டத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன் — குடவாசல்காரர்களுக்கு அதனால் எதுவும் தெரியாமல் போய்விடாது.

இடம், சமுதாயக் கூடம். ஆட்சி மாறும்போதெல்லாம் பெயின்ட் மாறும். ஒழுகும் இடம் மட்டும் மாறாது. வாசல் பேனரில் 'முன்னாள் படைவீரர் மன அமைதிப் பயிற்சி' என்று போட்டிருந்தார்கள். உள்ளதைப் போட்டால் யார் வருவார்கள்? முதல் நாள் ஒருவர் ராணுவ கேன்டீன் கார்டு புதுப்பிக்கும் கூட்டம் என்று நினைத்து வந்தாராம். பேசிப் பார்த்ததில் அவரும் அதே கேஸ். உட்காரவைத்துவிட்டார்கள்.

வட்டத்தில் பெரியவர், சின்னவர் கிடையாது என்பது ரேவதியின் கொள்கை. நம் ஆட்களிடம் நடக்குமா? சுபேதாரில் தொடங்கி சிப்பாயில் முடிகிற மாதிரி, பதவி வரிசைப்படி கச்சிதமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்துக்குத் தலை உண்டு என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ரேவதி வைத்திருந்த விதி ஒன்றுதான். பேச்சை 'நான்' என்று ஆரம்பிக்க வேண்டும். சுபேதார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்... சும்மாதான் மேடம் இருந்தேன்."

பிறகு எல்லோரும் பேசினார்கள். கோபம் வந்துடுச்சு. கை நீண்டுடுச்சு. கன்னத்துல பட்டுடுச்சு. கோபம் தானாக வருகிறது, கை தானாக நீள்கிறது, போய்த் தானாகப் படுகிறது. சம்பவத்தின்போது வீட்டில் இல்லாத ஒரே ஆள், அடித்தவர்தான்!

அவர்களை மட்டும் சொல்வானேன்? 'குடும்பத் தகராறில் பெண்ணுக்குக் காயம்' என்று பத்திரிகையில் போடுகிறோம் — காயம் பஸ் பிடித்து வந்து இறங்கிய மாதிரி. மேடையேறும் அமைச்சர்கள் 'தவறு நடந்துவிட்டது' என்கிறார்கள். நடக்கத் தெரிந்த தவறு, செய்தவரை மட்டும் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

பனியில் நின்றது, பக்கத்தில் படுத்திருந்தவன் மறுநாள் இல்லாமல் போனது, இன்னமும் தூக்கத்தில் கத்துவது... இவையெல்லாம் பொய்யில்லை. ரேவதி பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"சர்வீஸ்ல எத்தனையோ ஆபீசர் திட்டியிருப்பாங்க. ஒருத்தர்கிட்டயாவது கை நீண்டுதா?"

சுபேதார் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "அது எப்படி மேடம் நீளும்?"

வட்டத்தின் நடுவரிசைப் பதவிக்காரர் தங்கராசு, ஹவில்தாராக இருந்தவர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. அவர் மனைவி செல்வி, கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தவர். பொங்கலுக்கு முன்னால் கடையைப் பூட்டிவிட்டு முத்துப்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அடித்ததைத் தங்கராசு தன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். வருவதா வேண்டாமா என்பதை அப்புறம்தான் யோசிப்பாராம்.

டீ நேரத்தில் தங்கராசு என்னிடம் பேசியது அதைப் பற்றியல்ல. வரப்பைப் பற்றி. அடுத்த வயல்காரர் ராமையன் வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாராம். தாலுகா ஆபீஸில் மனு, சர்வேயர், கட்சிக்காரர் சிபாரிசு... டீ ஆறிவிட்டது, வரப்பு ஆறவில்லை.

டீ முடிந்து உட்கார்ந்தபோது செல்வி தம்பியுடன் வந்தார். வர இஷ்டம்தானா என்று ரேவதி அவரிடம் முன்பே தனியாகக் கேட்டிருந்தார். தங்கராசு எழுந்து, அட்டென்ஷனில் நின்றார்.

"நடந்தது நடந்துபோச்சு. ஏதோ, கை நீண்டுடுச்சு. மனசுல வெச்சுக்காத."

தம்பிக்குப் பரம திருப்தி. "அதான் மச்சான் சொல்லிட்டாரேக்கா, கிளம்பு" என்றார். சுபேதாரும் தலையாட்டினார்.

செல்வி நாற்காலியை விட்டு அசையவில்லை. ஊர் விஷயம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"நம்ம வரப்பு என்னங்க ஆச்சு?"

தங்கராசுவுக்கு உயிர் வந்தது. "அந்த ராமையன் வெட்டிட்டான்ல."

"வெட்டுப்பட்டுடுச்சுன்னு சொல்லுங்களேன்."

"அது எப்படி? மம்மட்டியோட வந்து அவன்தான் வெட்டினான். என் கண்ணால பாத்தேன்."

"நானும் கண்ணாலதாங்க பாத்தேன்."

கடைசி நாற்காலியில் சிப்பாய் சிரித்துவிட்டு, சுபேதாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தங்கராசு தன் வலது கையைப் பார்த்தார் — யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிற மாதிரி.

"அடிச்சேன்" என்றார். குரல் சட்டைப் பை வரைதான் வந்தது. 'நான்' வரவில்லை. பரவாயில்லை, தமிழில் வினையின் வாலில் ஒட்டும் அந்த 'ஏன்' போதும், ஆள் மாட்டிக்கொள்வார்.

செல்வி முகத்தைத் திருப்பி, வலது காதைக் காட்டினார்.

"இந்தப் பக்கமா சொல்லுங்க. அந்தக் காதுதான் இப்ப கேக்கறதில்லையே."

தங்கராசு மறுபடி சொன்னார். இந்த முறை 'நான்' இருந்தது.

சாயங்காலம் செல்வி முத்துப்பேட்டைக்கே பஸ் ஏறினார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு அல்ல, வட்டத்துக்கு.