ஒரு கரண்டி அடைப்பிரதமன்

என் கணவர் கல்யாண வீடுகளுக்குப் போகிற ஆள் இல்லை. தக்கலையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். யார் அழைத்தாலும், "கடைய யாரு பாத்துக்கிடுவா? நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துகொள்வார். என் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே தாலி கட்டி முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தார். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று உறவுக்காரர்கள்மேல் பாசம் பொங்கியது. காரணம் ஒரு டாக்டர்.

சுகர் கூடிவிட்டது என்று போயிருந்தோம். நல்ல ஏச்சு கிடைக்கும் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். டாக்டரோ சிரித்த முகக்காரர். "எதையும் அடியோட விடண்டாம். விட்டா தின்னணும்ங்கிற கொதி கூடத்தான் செய்யும். அளவா வச்சுக்கிடுங்க. இனிப்பு வேணும்னா கல்யாண வீட்டுல ஒரு கரண்டி பாயசம் குடிங்க, வீட்டுல வேண்டாம். சாயங்காலம் நடங்க" என்றார். அடுத்த சோதனையிலும் இறங்கவில்லை என்றால் தினமும் ஊசி போட வேண்டிவரும் என்றும் சொன்னார். இவர் காதில் விழுந்தது கல்யாண வீடு மட்டும்தான்.

ஆவணி பிறந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிற அழைப்பிதழ்களைத் திறந்துகூடப் பார்க்காதவர், இப்போது விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். புதுக்கடையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி நின்றபோது, பெண் நமக்கு என்ன முறை என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பாக்க மச்சினனுக்க கொழுந்தியா மவ. போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

கடையை யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். அது தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

எங்கள் பக்கத்துப் பந்தியில் ஒரு சங்கடம் உண்டு. பாயசம் வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அதனால் மறுக்கிறவர் இலையில்தான் கூடுதலாக விழும். 'கொஞ்சம் போல' என்றால் ஒரு கரண்டி. 'போதும்' என்றால் இன்னொன்று. உண்மையாகவே வேண்டாதவர்கள் வாய் திறக்காமல் விரல்களைச் சேர்த்துக் கையை இலைக்குமேல் பிடிப்பார்கள். வாளியோடு விளம்ப வருகிறவர் புரிந்துகொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

புதுக்கடையில் அடைப்பிரதமன் பாயச வாளி இரண்டாம் தடவை வந்தபோது இவரும் கையை இலைக்குமேல் பிடித்தார். முதல் கரண்டி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. பரவாயில்லை, மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் கையைச் சரியாகப் பார்த்தேன். ஐந்து விரலும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை மாதிரி விலகி நின்றன. நடுவில் கரண்டியே புகுந்து போகலாம். புகுந்தது. அதில் பப்படத்தை நொறுக்கி, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டே என் பக்கம் திரும்பி, "நான் தடுத்தேன். நீ பாத்தியா இல்லியா?" என்றார்.

சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. அவருடைய அப்பாவுக்குக் காலில் வந்த சின்னப் புண் ஆறாமலே போய், கடைசியில் என்ன ஆயிற்று என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குனிந்து இவருடைய கால்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

தையில் எங்கள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். "சுகர் இறங்கினா மவளுக்க கல்யாணத்துல ஒரு கரண்டி பிரதமன். இறங்கலைன்னா உங்களுக்கு மோரு. விளம்புறவங்க எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருவேன்."

"பெண்ணைப் பெத்தவனுக்கு மோரா?"

"ஆமா. மோருதான்."

அடி சரியான இடத்தில் விழுந்துவிட்டது. மறுநாளே பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் வரைக்கும் நடக்க ஆரம்பித்தார். கடைக்கு எதிரே டீக்கடையில் தினமும் தின்கிற பழபஜ்ஜியில் பாதியைப் பக்கத்துத் தையல் கடைக்காரருக்குக் கொடுத்தார். முதலில் தானம் செய்கிற முகத்தோடு கொடுத்தவர், போகப் போக, "பாதியத் தின்னாத்தான் ருசியே தெரியுது. முழுசாத் தின்ன காலத்துல நான் அதைப் பாத்ததே இல்லை" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

பந்தியில் மட்டும் அவர் கையை நம்ப நான் தயாராக இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். வாளி வந்ததும் முந்திக்கொண்டு, "அவருக்கு வேண்டாம், எனக்கு விடுங்க" என்பேன். அந்த வீட்டாருக்கும் மனக்குறை இல்லை, இவர் வயிற்றுக்குள்ளும் போகாது. இலையில் விழுந்ததை மிச்சம் வைத்து எழுந்திருப்பது மரியாதை இல்லை அல்லவா? அதனால் குடித்தேன். சிறுபயறுப் பாயசம் இரண்டு பங்கு, அடைப்பிரதமன் இரண்டு பங்கு, கடைசியில் போளியைப் பிய்த்துப்போட்டுப் பால் பாயசம் இரண்டு பங்கு. ஒரு மனைவி தன் கணவனுக்காக எவ்வளவுதான் கஷ்டப்படுவாள்.

மார்கழியில் சோதனைக்குப் போனோம். இவருக்கு நன்றாக இறங்கியிருந்தது. நான் பூரித்துப்போய் என் உத்தியை டாக்டரிடம் விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களும் ஒண்ணு பாத்துக்கிடுங்க" என்றார். பார்த்தோம். கூடியிருந்தது.

இவருக்கு வந்த ஆனந்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "வேலியே பயிரை மேஞ்சிருக்கு டாக்டர்" என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னார். "பாத்தியா, கல்யாணத்துல மோரு யாருக்குன்னு."

அவர் சொன்னபடியே செய்தார். மகள் கல்யாணத்தன்று விளம்புகிறவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்தார். ஒவ்வொரு பந்தியாக ஊரே பிரதமனைக் குடித்துவிட்டுப் போனது. பெண்ணைப் பெற்றவர்கள் கடைசிப் பந்தியில்தானே உட்கார முடியும். நாங்கள் உட்கார்ந்தபோது மகள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். உருளியை வழித்தெடுத்து, வாளியின் அடியில் ஒரே ஒரு கரண்டியோடு வந்தார் விளம்புகிறவர்.

"அவளுக்கு வேண்டாம், எனக்கு விடுப்பா" என்றார் இவர். என் வார்த்தை, என் குரல், என் தோரணை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அது மகளுக்காகவா பிரதமனுக்காகவா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளம்புகிறவர் கரண்டியைத் தூக்கியபோது இவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு தன் இடது பக்கம் சாய்ந்து, என் இலைக்குமேல் வலது கையை நீட்டிப் பிடித்தார். "இவளுக்கு ஒரு சொட்டும் விழப்பிடாது, கேட்டியா? இந்தா, இந்தக் கைமேல ஊத்து."

ஐந்து விரலும் ஐந்து பக்கமாக விலகி நின்றன. ஆறிப்போன பிரதமன் அவற்றுக்கு இடையே மெதுவாக இறங்கி என் இலையில் விழுந்தது. கையில் ஒட்டியிருந்ததைத் தன் பங்காக நக்கிவிட்டு அவர் சொன்னார்.

"நான் தடுத்தேன். நீ பாத்தியா இல்லியா?"