ஒரு ராத்திரிக்கான இலாபம்

கண்ணாடிபோல் பனி உறைந்த மேப்பிள் மரக்கிளை ஒன்று, ஒரு பழைய காரின் கூரையை நசுக்கிக்கொண்டு கிடந்தது. தொண்ணூறுகளின் ஒரு குளிர்காலக் காலையில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், நானாவின் வீட்டு வாசலில் கண்ட காட்சி அது. நான் வாங்க இருந்த கார், இன்னும் என்னுடையதாகியிருக்கவில்லை. பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நானா என்று நாங்கள் அண்ணன் முறையில் அழைத்த அவர் மன்னாரைச் சேர்ந்த முஸ்லிம். பக்கத்துத் தெருவில் இறைச்சிக்கடை வைத்திருந்தார். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். லொங்குய்யில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் கடன் கொடுக்கும் மேசையில் இருந்த எனக்குக் கடன் தர என் வங்கியே யோசித்தது. மனைவி சமைத்து விற்கும் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கார் தேவைப்பட்டது. நானாவும் சில குடும்பங்களும் வட்டியில்லாமல் ஒரு கூட்டு நடத்தினார்கள். கேட்ட பொருளைத் தாங்களே முதலில் வாங்குவார்கள். பிறகு அதன்மேல் ஓர் இலாபம் வைத்துத் தவணைக்கு விற்பார்கள்.

அந்த இலாபத்தில்தான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். வங்கிகள் எதற்காக இலாபம் வைக்கின்றன என்று அவருக்கு வகுப்பே எடுத்தேன். பணம் போட்டவர்களுக்கு வட்டி, கட்டடத்துக்கு வாடகை, கடனை விழுங்கிவிட்டுப் போகிறவர்களுக்காக ஒரு பங்கு. இதில் ஒன்றுகூட உங்களுக்கு இல்லையே, பிறகு எதற்கு இத்தனை என்றேன். கார் தங்கள் பொறுப்பில் நிற்கிற நேரத்துக்கு என்றார் அவர்.

“ஒரு ராத்திரி நிக்கிறதுக்குள்ள என்ன நானா நடக்கப்போகுது?”

அவர் சிரித்துவிட்டு இலாபத்தைப் பாதியாகக் குறைத்தார். காரை வாங்கிய அன்று மாலையே வந்து எடுக்கச் சொன்னார். மழை விழுந்து உறைகிறது, காலையில் வருகிறேன் என்றேன். அன்றே கைமாறியிருந்தால், கார் எங்கே நின்று நசுங்கியிருந்தாலும் நட்டம் என்னுடையதாகியிருக்கும்.

இருந்த மலிவுக் காப்புறுதி, மரம் விழுந்ததற்கு ஒன்றும் தராது. பாதி நட்டத்தை நான் ஏற்கிறேன் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றும் உள்ளுக்குள் இருந்தது.

“தம்பி, விக்கும் வரைக்கும் அது எங்கட கார். நட்டத்த உங்களிட்ட வாங்கிறதெண்டா, நாங்கள் இலாபம் எடுக்கிறது பேந்து எதுக்கு?”

கூட்டுப் பணத்தில் பொருள் வாங்கும் அடுத்த முறை நானாவுடையது. கடைக்குக் குளிரறை போட இருந்தார். இந்த நட்டத்தால் அது ஒரு வருடம் தள்ளிப்போனதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். இன்று, இலாப வீதம் எதனால் கூடுகிறது, குறைகிறது என்று புதியவர்களுக்கு விளக்குவது என் வேலை. ஆபத்து என்ற சொல் வரும் இடத்தில் என் குரல் இறங்கிவிடுகிறது.

எனக்காக அவர்கள் இன்னொரு கார் வாங்கினார்கள். அவர் முதலில் கேட்ட முழு இலாபத்தையும் இம்முறை கொடுத்துவிடுவது என்று படியேறும்போதே தீர்மானித்திருந்தேன். அவரோ பேசின விலை பேசினதுதான் என்று பழைய பாதியையே சொன்னார். என் வாய் “சரி நானா” என்றது.

விலையைக் கூட்டிவிட்டாரா என்று மனைவி வாசலிலேயே கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

“நல்ல மனுசர்,” என்றாள்.

“ஓம்,” என்றேன்.