வெளியே போன ஜெபக் குறிப்பு

என் கண்ணைப் பற்றி நான் ஆண்டவரிடம் சொன்னேன். அது என் மேனேஜரிடம் போய்ச் சேர்ந்தது. என் சாட்சியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு திருவொற்றியூரில். கணவர் டேவிட், எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் டிசைனர். டிசைனர் என்றதும் எங்கள் சபையில் பாதிப் பேர் ரவிக்கை தைத்துத் தருவேனா என்று கேட்டிருக்கிறார்கள். அது இல்லை. நீங்கள் போனில் ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அழுத்தினால் அடுத்து என்ன வர வேண்டும், அவசரத்தில் இருக்கிறவர் குழம்பாமல் எப்படி வேலையை முடிப்பார் என்று யோசித்து வரைந்து கொடுப்பது என் வேலை. பல வருடம் மற்றவர்கள் சொன்னதை வரைந்து கொண்டிருந்த எனக்கு, போன வருடம்தான் ஒரு திட்டத்தை முழுதாக நடத்தும் பொறுப்பு வந்தது.

அது துறைமுகத்துக்குக் கன்டெய்னர் பெட்டி ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுநர்களுக்கான செயலி. எந்த நேரத்துக்கு வந்தால் உள்ளே விடுவார்கள் என்று போனிலேயே முன்பதிவு செய்துகொள்ளலாம். எண்ணூர் சாலையில் மைல் கணக்கில் நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். வண்டி நிழலிலேயே சமைத்து, வண்டி நிழலிலேயே படுத்துக் கிடக்கிறவர்கள் அந்த ஓட்டுநர்கள். இந்தத் திட்டம் எனக்குத்தான் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கினேன். வண்டி கேபினில் ஏறி உட்கார்ந்து ஓட்டுநர்களோடு பேசினேன். கிரீஸ் கையால் தொட்டாலும் தவறாத அளவுக்குப் பொத்தான்களைப் பெரிதாக்கினேன். இதற்காகத்தான் ஆண்டவர் என்னைப் படிக்க வைத்தார் என்றே நம்பினேன்.

ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து நாட்கள் தொடங்கிய சமயம், ஒரு நாள் திரையில் ஒரு கோடு வளைந்து நின்றது. "யாரு இதைக் கோணலா போட்டது?" என்று என் குழுவில் இருந்த பெண்ணிடம் கத்தினேன். "நேராத்தான் இருக்கு மேடம்" என்றாள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். மொத்தக் கட்டமும் நடுவில் தொய்ந்து கிடந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று அவளிடம் சொல்லிச் சமாளித்தேன்.

கண் டாக்டர் வலது கண்ணின் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார். தூக்கம் இல்லாமலும் மன அழுத்தத்தாலும் வரலாமாம். சிலருக்குத் தானாக வற்றிவிடுமாம். சிலருக்கு வற்றாமல் பார்வையைக் கெடுத்துவிடுமாம். நான் இதில் எந்த ரகம் என்று கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். கோடு போட்டுப் பிழைக்கிறவளுக்குக் கோடே வளைந்தால் என்ன செய்வது? ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் ரோஸி ஆன்ட்டி வீட்டில் எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் தங்கள் பாரத்தை ஜெபக் குறிப்பாகச் சொல்வோம், மற்றவர்கள் கைகோர்த்து ஜெபிப்போம். அங்கே சொன்னது அந்த வாசலைத் தாண்டக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. அந்த வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறந்தேன். "வலது கண்ல கோடெல்லாம் வளைஞ்சி தெரியுது. செயலி வெளிய வர்ற வரைக்கும் ஆபீஸ்ல யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் கையவுட்டு பூடும். ஜெபிச்சுக்கங்க" என்றேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை ஷீபா என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயரைச் சொல்லப் போவதில்லை. காசிமேட்டுப் பெண், என் தங்கை வயது. வேலையில்லாமல் இருந்தபோது அவளை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். இன்டர்வியூவுக்கு என் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு எனக்காக எல்லாரையும் விட அதிகமாக அழுதது அவள்தான். என் தோளே நனைந்துவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மேனேஜர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "ஸ்டெல்லா, ஹெல்த் முக்கியம். கோடெல்லாம் வளைஞ்சு தெரியுதாமே. செயலி வெளிய வர்ற வரைக்கும் சொல்ல வேணாம்னு இருந்தீங்களாமே. ஏன் இப்படிப் பண்றீங்க?" என்றார்.

கண் பிரச்சினை எப்படியோ வெளியே தெரிந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'செயலி வெளிய வர்ற வரைக்கும்' என்ற வார்த்தையை நான் ரோஸி ஆன்ட்டி வீட்டைத் தவிர எங்கேயும் சொல்லவில்லை. என் கணவரிடம் கூட அப்படிச் சொன்னதில்லை. என் ஜெபக் குறிப்பை அந்த மனிதர் என்னிடமே திருப்பி வாசித்தார். ஒரு பழைய வேலையைக் கொடுத்து, ஓய்வாகச் செய்யுங்கள் என்றார். டிரெய்லர் செயலியின் பொறுப்பு ஷீபாவுக்குப் போனது.

அவளைப் படிக்கட்டில் மடக்கினேன். "சார் நேராவே கேட்டாரு அக்கா, ஸ்டெல்லாவுக்கு இன்னா ஆச்சுன்னு. நான் இன்னா பண்றது? பொய் சொல்றது பாவம் இல்ல? உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றாள். பொய் சொல்வது பாவமாம்! பரிசுத்தவாட்டி! என் முதுகில் குத்தினதையும் வேத வசனம் போல நீட்டி முழக்கிச் சொன்னாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கூட்டத்துக்குப் போகவில்லை. அவள் போனாள். போனதோடு நிற்காமல், "சிஸ்டர் ஸ்டெல்லா ஏதோ சோர்வுல கீறாங்க, அவங்களுக்காகவும் ஜெபிப்போம்" என்று சொல்லி ஜெபித்தாளாம். ரோஸி ஆன்ட்டி பெருமையாக எனக்குப் போன் போட்டுச் சொன்னார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வேன்? கண் வளைந்ததை விட நெஞ்சு வளைந்ததுதான் வலித்தது. யாராவது என் கையைப் பிடித்து "சொல்லும்மா" என்றால் உள்ளுக்குள் கதவு சாத்திக்கொள்ளும். ஆராதனையில் பாட்டுக்கு வாயசைத்தேன், அவ்வளவுதான். காலை ரயிலில், லேடீஸ் பெட்டியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் செய்த ஜெபத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. "ஆண்டவரே, அவளை என் கையில் ஒப்புக்கொடும். ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன்." கொருக்குப்பேட்டை வரும் வரைக்கும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

பிரியமானவர்களே, அவர் ஒப்புக்கொடுத்தார்.

ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஷீபா நின்றாள். முகம் வெளிறி இருந்தது. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவளே வந்து, சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒரு ஜெபக் குறிப்பு கீது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு தைரியம் பாருங்கள்! ஆனால் அவள் பேசப் பேச என் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது. அவள் முழுகாமல் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்து போயிருக்கிறது. இந்தத் தடவை அலையக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். செயலி வெளியே வரும் நேரம். ஓட்டுநர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தினமும் எண்ணூர் சாலைக்குப் போக வேண்டும். உண்மையைச் சொன்னால் மேனேஜர் பொறுப்பைப் பிடுங்கிவிடுவார்.

"ரோஸி ஆன்ட்டி வூட்ல சொல்றதுதானே?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"அங்க சொல்ல பயமா கீது அக்கா."

அவளுக்கே பயம்! அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க விஷயத்துல நான் வேணும்னு பண்ணல" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். இன்றுவரை அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த மன்னிப்பு அந்த ஒரு வாக்கியம்தான். அவள் தலையில் கை வைத்து ஏதோ ஜெபித்தேன். என் வாய்தான் ஜெபித்தது, மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் போனதும் டேவிட் வந்தார். "இன்னா சொல்லிட்டுப் போறா அவ?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இம்மாம் நேரம்? உனுக்குச் சொரணையே கெடையாதா ஸ்டெல்லா?" என்று கத்திவிட்டுப் போனார். கட்டின புருஷனிடம் கூட நான் சொல்லவில்லை. அது கிருபையா, வீம்பா என்று அப்போது எனக்கே தெரியாது.

அந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டார். மறுபடியும் கதவைச் சாத்தச் சொன்னார். "ஷீபா முகமே சரியில்ல. சாலைக்குப் போகச் சொன்னா தட்டிக் கழிக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே சர்ச்தானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்னன்னு சொல்லுங்க. தேவைன்னா ப்ராஜெக்ட்டைத் திரும்ப உங்ககிட்டயே குடுத்துடறேன்" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷியின் கையில் இன்னொரு மனுஷியைக் கொடுக்க முடியுமா? ஒரு வாக்கியம் போதும். அதுவும் பொய் இல்லை, சுத்தமான உண்மை. அவள் சொன்னது போலவே, 'அவங்க நல்லதுக்குத்தான் சார்' என்று ஆரம்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரயிலில் நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது என்று புரிந்த அந்த நொடி, எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் மேலேயே பயம் வந்தது. "ஆண்டவரே, என்னைப் பிடித்துக்கொள்ளும்" என்று மட்டும் உள்ளே சொன்னேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மனதார வந்த ஜெபம் அதுதான்.

"சார், அவங்களைப் பத்தி அவங்களையே கேளுங்க. என்னைக் கேக்காதீங்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்லக் கூடிய பதிலை ஷீபா அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபோது மட்டும் மறுபடி நெஞ்சு எரிந்தது.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று என் வாயிலிருந்து வந்தது. "சாலையில சோதிச்சுப் பாக்கற வேலையை நான் பாத்துக்கறேன் சார். அவங்க ஆபீஸ்ல இருந்து நடத்தட்டும்." என் திட்டத்தில், அவளுக்குக் கீழே, வெயிலில். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அந்த வேலைக்கு எண்ணூர் சாலைக்குப் போக ஆரம்பித்தேன். ஓட்டுநர்களிடம் போனைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து ஷீபாவுக்குச் சொல்லுவேன். வேலையைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. ஆனால் இரவில் தூக்கம் வந்தது. ரயிலில் பழைய ஜெபம் வரவில்லை. "அவள் வயிற்றில் இருப்பதைக் காத்துக்கொள்ளும்" என்று கேட்டேன். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். போகப் போக நிஜமாகவே கேட்டேன்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு முற்பகல். வெயிலுக்கு ஒரு டிரெய்லர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். நிலக்கரித் தூசி பறந்து இடது கண்ணில் விழுந்தது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே யார்டில் கன்டெய்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. ஒவ்வொரு பெட்டியின் விளிம்பும் நேராக இருந்தது. கையை எடுத்தேன், மறுபடி பொத்தினேன். நேராகவே இருந்தது! நடுச்சாலையில் தேம்பித் தேம்பி அழுதேன்.

"இன்னா மேடம், தூசியா? கண்ணத் தேய்க்காத, தண்ணி ஊத்திக்கோ" என்று ஓட்டுநர் ஒருவர் பாட்டிலை நீட்டினார். "தேங்க்ஸ்ண்ணா" என்று வாங்கிக்கொண்டேன். அவருக்கு எங்கிருந்து விளக்குவது?

கோத்திருந்த நீர் வற்றிவிட்டது என்று டாக்டரும் பார்த்துவிட்டுச் சொன்னார். சிலருக்கு இப்படித் தானாக வற்றும் என்று முன்பே சொன்னேனே என்றார். அவர் சொல்வது சரிதான். நன்றாகத் தூங்கினால் வற்றுமாம். என்னைத் தூங்க வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

செயலி வெளியே வந்தது. விழாவில் ஷீபாவின் பெயரைச் சொன்னார்கள். என் பெயர் 'மற்றும் பலர்' என்பதற்குள் அடங்கிவிட்டது. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த திட்டத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஷீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, தாயும் சேயும் சுகமாக இருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். குழந்தையைக் கையில் கொடுத்தாள். நாங்கள் பழையபடி அக்கா தங்கையாக ஆகிவிடவில்லை. ஆவோமா என்றும் தெரியாது. மன்னித்தேன் என்று தினமும் காலையில் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் எத்தனையோ பேர், உங்களோடு ஜெபித்தவர்களாலேயே ஏமாற்றப்பட்டு, இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன். மனுஷர் செய்ததற்காக ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தாதீர்கள். எரிச்சலோடு ஜெபித்தாலும் அவர் கேட்கிறார். நாம் கேட்டதைக் கொடுத்து, நம்மையும் மாற்றுகிறார்.

ரோஸி ஆன்ட்டி தன் மகள் வீட்டோடு போய்விட்டதால், இப்போது வெள்ளிக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. வாருங்கள். உங்கள் பாரத்தைச் சொல்லுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். என் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலே அதுதான்.