பாஸ்போர்ட் தர ஆள் உண்டா?

இரண்டு மாதம் முன்பு ஒரு மாலை. ஷார்ஜாவில், ரோலா கடைத்தெருவில் பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரில் இருந்து போன்.

“சார், நான் செல்வராசு. உங்க வீட்டு ஏசி ரிப்பேர் பண்ணுவேன்ல, பெரம்பலூர்க்காரன். போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன் சார். கொஞ்சம் வர்றீங்களா?”

ஏசி மெக்கானிக்குக்கும் எனக்கும் என்ன உறவு? கோடையில் அரை மணி நேரம், ஒரு டீ. அவ்வளவுதான். ஆனாலும் போனேன். வீட்டுக்குப் போனால் மட்டும் யார் இருக்கிறார்கள்? மகன் படிப்புக்காக மனைவியும் அவனும் திருச்சிக்குப் போய் வருஷக்கணக்காகிறது.

ஸ்டேஷனில் தலையில் கட்டோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். முனியாண்டி, பரமக்குடி. செல்வராசுவின் ரூம்மேட். அவரைத்தான் செல்வராசு பிடித்துத் தள்ளியிருக்கிறான். கட்டில் முனை நெற்றியைக் கிழித்துவிட்டது.

“அவன் ஸ்பீக்கர்ல போட்டு பொண்டாட்டிகூட சிரிச்சு சிரிச்சுப் பேசுறான் சார். எங்க வீட்ல என் போனை எடுத்தே பத்து நாளாச்சு... எனக்கு என்னமோ ஆயிருச்சு” என்றான் செல்வராசு.

முனியாண்டியிடம் கேட்டேன், “அதுக்காக கேஸா குடுப்பீங்க?”

“நான் எங்கண்ணே குடுத்தேன்? தையல் போடப் போன இடத்துல எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டாக. உள்ளதைச் சொன்னேன். அவுகளே போலீஸைக் கூப்பிட்டுட்டாக.”

“வழுக்கி விழுந்தேன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“தோணலையேண்ணே...”

பாவம், ஊரில் என்றால் பாதிப் பேர் பாத்ரூமில் வழுக்கித்தான் விழுந்திருப்பார்கள்!

முனியாண்டி மன்னித்து எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஃபைல் அரசு வக்கீலிடம் போய் முடிய வேண்டும். அதுவரை வெளியே விட வேண்டுமானால் ஜாமீனாக யாராவது தன் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர், கேஸ் முடியும் வரை ஊருக்குப் போக முடியாது. செல்வராசுவின் பாஸ்போர்ட்டோ விசா புதுப்பிக்கப் போயிருந்தது.

ரூமில் எல்லோரையும் கேட்டாயிற்றாம். அன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் ஊரில் கல்யாணம்! முனியாண்டியே தன்னுடையதைத் தருகிறேன் என்று நின்றிருக்கிறார். அடி வாங்கியவனே ஜாமீனா என்று போலீஸ்காரர் சிரித்துவிட்டார்.

“என்னை ஏம்ப்பா கூப்பிட்டே?”

“போனை வாங்கி வச்சுட்டாங்க சார். மனப்பாடமா தெரிஞ்சது ரெண்டு நம்பர்தான். ஒண்ணு என் வீட்டுக்காரம்மா. இன்னொண்ணு உங்களுது, ஃபேன்ஸி நம்பர்...”

பாசம் இல்லை, நம்பிக்கை இல்லை. ஃபேன்ஸி நம்பர்!

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். “பாய், பாஸ்போர்ட்டைக் கொடுங்க, ஆளைக் கூட்டிட்டுப் போங்க” என்றார் இந்தியில். வீட்டுக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

மனைவி போனில் வெடித்தாள். “யார் எவன்னு தெரியாதவனுக்கு பாஸ்போர்ட்டா? உங்களுக்கு ஒண்ணுன்னா யாருங்க குடுப்பா?”

நல்ல கேள்வி. யோசித்துப் பார்த்தேன். போன் நிறைய பெயர்கள்... தேறியவர் ஒருவர். அவரும் கனடா போய்விட்டார். நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்களேன். வேண்டாம், தூக்கம் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலிங் பெல் அடித்தது. செல்வராசு. பின்னால் முனியாண்டி, கையில் மீன் குழம்பு.

“நான் எங்கயும் ஓடிப்போகல சார். நேர்ல காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“நான் சாட்சிக்கு வந்தேண்ணே” என்றார் முனியாண்டி.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும். சாப்பிட்டோம், சீட்டு ஆடினோம். ஒருநாள் செல்வராசுவின் மனைவி போனை எடுத்தாள். “நீயும் ஸ்பீக்கர்ல போடுடா” என்றார் முனியாண்டி. சனிக்கிழமையே மூன்று பேருக்கு அரிசி எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தேன். இத்தனை வருஷத்தில் காரணம் இல்லாமல் என் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. இதற்கும் ஒரு காரணம் இருந்தது என்பதை நான் மறந்துபோனேன்.

போன வாரம் செல்வராசுவின் போன். குரலில் துள்ளல். “கேஸ் கலாஸ் சார்! ஃபைலை மூடிட்டாங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவே கிடையாது!”

பாஸ்போர்ட்டை வாங்கி வந்து பீரோவில் வைத்தேன். ஞாயிறு வந்தது. பெல் அடிக்கவில்லை. மூன்று பேருக்கு வடித்த சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஏசி வேறு... சனியன், ரிப்பேரே ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது!