உள்ளே அக்கா, வெளியே மீட்டர்

முதலில் படகின் வட்ட ஜன்னலைச் சாத்துவார். பிறகுதான் உப்புத்தாளைக் கையில் எடுப்பார் அக்கா. ஜன்னல் திறந்திருந்தால் கணவரின் முகம் உள்ளே வந்துவிடும். முகத்தோடு யோசனைகளும் வரும்.

மூக்குக்கும் வாய்க்கும் கவசம், தலைக்கு ஒரு துணி, கைகளுக்குப் பாதம் வெட்டிய பழைய காலுறைகள். அதற்கும் முன்னால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பவுடர். தேய்க்கும்போது பறக்கும் பைபர் தூள் தோலில் ஏறிவிட்டால் தூக்கம் போச்சு. “முகத்துக்குப் போடறத விட இந்தப் படகுக்குப் போறதுக்குத்தான் எனக்கு அதிகம் பவுடர் செலவாகுது” என்பார்.

தெருவுக்கு அவர் ‘பார்லர் அக்கா’. கடைத்தெருவில் சின்னதாக ஓர் அழகு நிலையம். கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் பெயர் ‘மீட்டர்’ என்றே நின்றுவிட்டது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, பக்கத்துக் காலிமனையில் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார் அந்த மனிதர்.

அக்கா ஒரு வாரம் பேசவில்லை. சாப்பாடு ஆகிவிட்டது என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். சமாதானம் செய்ய நினைத்த மீட்டர், படகின் அடி அறையைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போய், முன்னால் தானே இறங்கினார். குறுகிய திறப்பில் இடுப்போடு சிக்கி நின்றுவிட்டார். கீழே பாதி, மேலே பாதி. அக்கம்பக்கத்தார் வந்து சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அக்கா கணவரிடம் பேசிய முதல் வார்த்தை: “மூச்ச இழுத்துப் புடிங்க.”

ஆள் வெளியே வந்தார், செருப்பு உள்ளேயே விழுந்துவிட்டது. அதை எடுக்க இறங்கிய அக்கா வெகுநேரம் மேலே வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கம்பளம் பூஞ்சை பிடித்துத் தொங்கியது. அடியில் பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. திருகாணிகளிலிருந்து துரு வழிந்து கோடு போட்டிருந்தது. எவரோ அந்த அழுக்கின் மேலேயே பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். அக்காவின் தொழில் ரத்தம் கொதித்தது.

“மூஞ்சி கழுவாமலே மேக்கப் போட்டிருக்கான், பாவி.”

அன்றிலிருந்து பார்லரைப் பூட்டியதும் படகுதான். விரிசல் அவருக்குச் சுருக்கம்; சிறு குழி பருத் தழும்பு; பெயின்ட்டுக்கு முன் பூசும் பிரைமர் பவுண்டேஷன். பெயின்ட் காயும்போது தெருவில் யாராவது தூசி கிளப்பினால், தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டைப் போல உதட்டில் விரல் வைப்பார். படகின் சொந்தக்காரர் வாளி தூக்கினார்.

மீட்டருக்கு அது பொறுக்கவில்லை. படகைத் தண்ணீரில் இறக்கப் போகிறேன் என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் நாள் சொல்லிவிட்டார். அக்கா பார்லரில் இருந்த ஒரு மதியம், நீளக் கழியில் பிரஷைக் கட்டி, ஜன்னல் வழியாக விட்டு, சுரண்டாத பசைச் சுவரின் மேல் நீலம் அடித்துத் தீர்த்தார். மறுநாள் அது முழுதாக உரிந்து தொங்கியது. அக்கா கத்தவில்லை. கிழியாமல் பதமாக உரித்து, சுருட்டி, ஜன்னல் வழியே நீட்டினார்.

“உங்க பெயின்ட். பத்திரமா வெச்சுக்குங்க.”

மீட்டர் வீடு வீடாகப் போன் போட்டு, காற்று சரியில்லை என்று சொல்லி நாளைத் தள்ளினார். அக்கா பசையைச் சுரண்டி, தேய்த்து, துடைத்து, வெண்ணெய் நிறத்தில் இரண்டு பூச்சு கொடுத்தார். நீலம் அடித்தால் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. அதற்குள் மீட்டர் டீயில் சர்க்கரையை நிறுத்தியிருந்தார். காலையும் மாலையும் நடந்தார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

வேலை முடிந்த சாயங்காலம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் மீட்டர் படகில் ஏறி அடி அறைக்குள் இறங்கப் பார்த்தார். அதே இடத்தில் இடுப்பு நின்றது. இந்த முறை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. தானாகவே மேலே வந்து, தரைக்கு இறங்கி, வெளியே ஜன்னலண்டை போய் நின்றார்.

“எப்படி இருக்கு?” என்று உள்ளிருந்து கேட்டார் அக்கா.

“பாதிதான் தெரியுது.”

அக்கா ஜன்னலருகே வந்தார்.

“கையக் குடுங்க.”

மீட்டர் கன்னத்தைப் படகோடு ஒட்டிக்கொண்டு, தோள் வரை கையை உள்ளே விட்டார். அக்கா அந்த உள்ளங்கையைத் தன் முந்தானையால் நன்றாகத் துடைத்தார். மணிக்கட்டைப் பிடித்து, மழமழவென்றிருந்த சுவரின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். கை எட்டாத இடம் வந்ததும் மீட்டர் வெளியே நுனிக்காலில் எம்பினார். அக்கா உள்ளே இன்னும் ஒரு சாண் இழுத்தார்.