பஜ்ஜிக்கு அரை மணி

பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் சாலையில் என் மின்சாரக் காரை நிறுத்துகிறேன். மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இங்கே சார்ஜிங் ஸ்டேஷன் வேலை எந்த மட்டில் இருக்கிறதென்று எட்டிப் பார்ப்பேன். முதலில் வெறும் குழி. பொங்கலுக்கு வந்தபோது சிமெண்ட் மேடையும் பிளாஸ்டிக் சுற்றிய பெட்டியும். இன்று அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியில் மாலையே வெளுத்திருக்கிறது.

பக்கத்து டீக்கடை ஸ்டெல்லா அக்கா ஓடி வருகிறார். கடை வாசலில் புது நாற்காலிகள்.

"கரண்டு குடுத்துட்டாங்க சார்! நீங்கதான் மொத வண்டி. ஏற எவ்வளவு நேரம் ஆவும்?"

"வீட்டுல ராத்திரி பூரா ஏறும்க்கா. இது வேகமான மிஷின். அரை மணி போதும்."

அவர் முகம் வாடுகிறது. "அரை மணிதானா? சாவகாசமா ஒக்காருவாங்கன்னுல்ல நாற்காலி வாங்கிப் போட்டேன்!"

கேபிளைச் செருகுகிறேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. எனக்கு உள்ளூர ஒரு நிறைவு. அக்கா கடைக்குத் திரும்பி அவசரமாக அடுப்பைப் பற்றவைத்து, வாழைக்காயைச் சீவியபடி அங்கிருந்தே கேட்கிறார்:

"சார், எண்ணெய் காயறதுக்குள்ள சார்ஜ் ஏறிடாதுல்ல?"