மணல்வெளியில் ஞானேஸ்வரி ரீச்சர்

ஞானேஸ்வரி ரீச்சர் போய்விட்டார். இன்று காலை, திருகோணமலையில், மகள் வீட்டில்... மகள்தான் போன் எடுத்துச் சொன்னார்.

அறுபதுகளில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் தமிழ், அவர் விஞ்ஞானம். ஒரே வாடகை வீடு, ஒரே குசினியில் சமையல்.

ஒரு தை மாதம், மழை விட்ட கையோடு, கடலுக்குப் போகிற வழியில் உள்ள வெள்ளை மணல்வெளியில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று முழந்தாளிட்டு இருந்துவிட்டார். சேலை முழுக்க ஈரமணல்.

"என்ன ஞானம், தோடு விழுந்திட்டுதோ?"

"இல்லையப்பா. குனிஞ்சு பாரும்."

நாணயம் அளவில் ஒரு சிவப்புச் செடி. இலையின் மயிர்களில் எல்லாம் பசைத்துளி. ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டு இழுபட்டது... நாங்கள் பார்த்திருக்கவே அந்த மயிர்கள் வளைந்து அதை மூடின.

"ஐயோ பாவம்" என்றேன்.

"செடிக்கும் சாப்பாடு வேணுமெல்லே? இந்த மணலிலை என்ன சத்துக் கிடக்கு?"

பாடப்புத்தகத்தில் எங்கோ வெளிநாட்டுச் செடியின் படம்தான் இருந்தது. "இது காலடியிலை கிடக்குது, நான் பிள்ளையளுக்குப் படத்தைக் காட்டிக்கொண்டு நிக்கிறன்" என்று வழி முழுக்கப் புறுபுறுத்தார்.

அடுத்த கிழமையே பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனார். பிரச்சினை வந்தது.

பரமேஸ் என்ற மாணவியின் அப்பா கடை வைத்திருந்தவர். நேரே பள்ளிக்கு வந்தார். "குமர்ப்பிள்ளையளை வெட்டவெளியிலை குந்த வைச்சுப் புல்லுப் பாக்கிறதோ படிப்பு? இனி என்ரை மகள் வரமாட்டாள்."

வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்.

தலைமை ஆசிரியர் பயந்துபோனார். மன்னிப்புக் கேட்டு விஷயத்தை முடிக்கச் சொன்னார்.

"பிழை செய்யேல்லை சேர், மன்னிப்புக் கேக்கமாட்டன். சனிக்கிழமை தாய் தகப்பன்மார் வரட்டும். பாத்திட்டுச் சொல்லட்டும்."

இவருக்கு இடமாற்றம் வந்துவிடும் என்று பயந்து அன்றிரவு நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். அவரோ புட்டை இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்!

சனிக்கிழமை மணல்வெளிக்குத் தாய்மார்தான் கூடுதலாக வந்தார்கள். பரமேஸையும் அவளின் தாய் கூட்டி வந்திருந்தார். ரீச்சர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "பரமேஸ், நீ சொல்லு" என்றுவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதலில் தடுமாறினாள். பிறகு... இலை, பசை, வேர், மணலில் இல்லாத சத்து, எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. தாய் மணலிலேயே இருந்துவிட்டார். ஒரு சின்னப் பூச்சி வந்து ஒட்டியதும் எல்லோரும் குனிந்து நெருங்கினார்கள்.

"இது அழுகண்ணியெல்லோ... மருந்துக்குப் பிடுங்கிறனாங்கள். பூச்சி தின்னுமெண்டு ஆர் கண்டது?" என்றார் தாய். பிறகு, சைக்கிளைப் பிடித்தபடி தூரத்தில் நின்ற கணவரைக் கூப்பிட்டார். "இஞ்சை வாங்கோப்பா. மகள் சொல்லுறதைக் கேளுங்கோ."

வந்தார். சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டுக் குந்தினார். பரமேஸ் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டு முடித்து, எழும்பி, ரீச்சரிடம் ஒன்றுதான் கேட்டார். "திங்கக்கிழமை வகுப்பு எத்தினை மணிக்கு?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழகம் போன முதல் பெண்பிள்ளை பரமேஸ்தான். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஸ்டாஃப் ரூமில் சிலர் அவரை 'ஈ பிடிக்கிற ரீச்சர்' என்பார்கள். "ஓம், பிடிப்பன். நீங்களும் வாங்கோவன்" என்பார். சிலர் வந்தும் இருக்கிறார்கள்.

கல்யாணம் முடித்து, இடமாற்றம் கேட்டுப் போன நாளில், பஸ் வெளிக்கிடும் நேரம் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்.

"மாசி முடிய முந்திப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போம்! பிறகு மணல் காய்ஞ்சிடும்!"

யாருக்குச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அந்த வருடம் பிள்ளைகளை மணல்வெளிக்குக் கூட்டிப்போனது தமிழ் ரீச்சர். சேலை முழுக்க ஈரமணல்.

போயிட்டு வாரும், ஞானம்.